காற்றும் சுமை தாங்கும்



நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் ராயகிரியில் இருவகை வண்டிகள் ஓடின. ஒன்று கட்டை வண்டி, மற்றொன்று வில்வண்டி. எருவும் நெல்லும் பருத்திப் பொதியும் ஏறிச் செல்வது கட்டை வண்டி. முதியவர்களும், பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் பெண்களும் ஏறிச் செல்வது வில்வண்டி. இரண்டையும் இழுத்தவை மாடுகளே. இரண்டும் உருண்டது ஒரே வண்டிப்பாதையில்தான். ஆனால், கட்டை வண்டியில் சிவகிரி வரை போய் வந்தவன் மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பான். வில்வண்டியில் போனவன் உறங்கி விழித்து இறங்குவான். வேற்றுமை எங்கே இருந்தது? அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே, இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளைத்துப் பூட்டிய வில்லிலே இருந்தது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது வில் நிமிரும். மேட்டில் ஏறும்போது வளையும். சக்கரம் படும் பாட்டை உள்ளே இருப்பவர் படாமல் இடையில் நின்று தாங்கியது அந்த வில்.

அந்த வில்லின் இடத்தில் இன்று பல வண்டிகளில் காற்று அமர்ந்திருக்கிறது. கட்டியான ரப்பராலும் உறுதியான நூலிழைகளாலும் செய்த ஒரு பை. அதற்குள் அடைத்த காற்று. கொல்லன் துருத்தியை நிமிர்த்தி வைத்தாற்போன்ற தோற்றம். நெடுந்தொலைவு ஓடும் உயர்தரப் பேருந்துகளின் அடியிலும், புதிய ரயில் பெட்டிகளின் அடியிலும், படுக்கையும் சமையலறையும் கொண்டு சக்கரத்தின்மேல் ஓடும் வீடுகளின் அடியிலும் இந்தப் பைகள் இருக்கின்றன. விபத்து நேரும் கணத்தில் ஓட்டுநரின் முகத்துக்கு முன்னே விரியும் காற்றுப்பை வேறு. நான் சொல்வது வண்டியின் அடியில் எந்நேரமும் சுமையைத் தாங்கி நிற்கும் காற்றுப்பை. அதில் எவ்வளவு காற்றை அடைப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள். சிறிய கேள்விபோலத் தோன்றும். ஆனால் அதற்கு விடை காணத் தவறிய ஒரு வீட்டில் ஒரு முதியவர் பட்ட துன்பத்தை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் எங்கள் வட்டாரத்தில் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய தந்தையாருக்கு முதுகெலும்பில் நோய். மாதந்தோறும் மதுரைக்கு அழைத்துச் சென்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிவகிரி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், திருமங்கலம் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். நோயாளியால் நீண்ட நேரம் உட்கார இயலாது, குலுக்கமும் ஆகாது. மகன் ஒரு பழைய வேனை வாங்கினார். உரிய ஒப்புதல்களைப் பெற்று, உள்ளே ஒரு படுக்கை, ஒரு தண்ணீர்த் தொட்டி, சிறு அடுப்பு, கழிப்பிடம் எல்லாம் அமைத்தார். திரைப்படக் கலைஞர்கள் ஓய்வெடுக்கும் வண்டியைக் ‘கேரவன்’ என்கிறோம் அல்லவா? அதன் எளிய தம்பி என்று அதைச் சொல்லலாம். இத்தனை பொருளும் ஏறியபின் வண்டியின் பின்புறம் தாழ்ந்துவிட்டது. அதை நிமிர்த்துவதற்காகப் பின்னச்சில் இரும்பு வில்லுக்குத் துணையாக இரண்டு காற்றுப்பைகளைப் பொருத்தினார். எவ்வளவு காற்று அடைப்பது? யாரோ ஒரு லாரிக்காரர் “அறுபது பவுண்டு வை” என்றாராம். அறுபது வைத்தார்.

முதற்பயணத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டவில்லை. சாலையின் ஒவ்வொரு குழியிலும் பெரியவர் அலறினார். வண்டி திரும்பிவிட்டது. அன்று மாலை மகன் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, காற்று மெத்தென்று இருப்பதுதானே? அது ஏன் இரும்பைவிடக் கடுமையாக அடிக்கிறது?”

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் காற்றின் விதியைக் கற்பித்தவன் நான். வளைந்த கண்ணாடிக் குழாயும் பாதரசமும் கொண்டு அதை மெய்ப்பித்துக் காட்டியவன். என்றாலும் ஒரு பேருந்தின் அடியில் குனிந்து, “இதோ பாருங்கள், நீங்கள் மனப்பாடம் செய்த விதி இங்கே உழைக்கிறது” என்று ஒரு மாணவனுக்கேனும் காட்டியதில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடுவது என் கடமை என்று எனக்குப் பட்டது. விடையை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், காற்று எப்படிச் சுமை தாங்குகிறது என்பதைக் காண்போம். அழுத்தம் என்பது ஒரு பரப்பின்மேல் விழும் விசையின் அளவு. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு கிலோகிராம் எடை அழுத்தினால் அதை 1 கிலோ அழுத்தம் என்று இங்கே சுருக்கமாகச் சொல்வோம். பட்டறைகளில் இன்னும் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற பழைய கணக்கே வழங்குகிறது. ஏறத்தாழ 14 பவுண்டு என்பது 1 கிலோ அழுத்தம். காற்றுப்பையின் தாங்கும் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். உள்ளே 1 கிலோ அழுத்தம் இருந்தால் அந்தப் பை 100 கிலோகிராம் தாங்கும். 2 கிலோ இருந்தால் 200 கிலோகிராம் தாங்கும். பரப்பை அழுத்தத்தால் பெருக்கினால் சுமை. கணக்கு இவ்வளவே.

இதிலிருந்து ஓர் உண்மை பிறக்கிறது, நன்றாகக் கவனியுங்கள். ஒரு வண்டி முழுவதும் காற்றுப்பைகளின் மேலேயே நிற்கிறது என்று கொள்வோம். ஒரு பையின்மேல் 300 கிலோகிராம் சுமை இருக்கிறது. அழுத்தம் எவ்வளவு இருக்கும்? 3 கிலோ. இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே ஏற்றுகிறோம். இப்போது அழுத்தம் கூடிவிடுமா? கூடாது, ஏனெனில் சுமை கூடவில்லை. பை உயரும், வண்டி நிமிரும், அழுத்தமோ ஏறத்தாழ அதே 3 கிலோவில் நிற்கும். ஆகவே அழுத்தத்தை முடிவு செய்வது சுமை. உயரத்தை முடிவு செய்வது நாம் அடைக்கும் காற்றின் அளவு. அழுத்தமானியின் முள் நம்முடைய விருப்பத்தைக் கேட்டு ஏறுவதில்லை. சுமையைக் கேட்டு ஏறுகிறது. ‘எத்தனை பவுண்டு வைப்பது’ என்று கேட்பவன் ‘எத்தனை எடை இருக்கிறது’ என்று முதலில் கேட்க வேண்டும்.

இனி, மென்மையும் கடுமையும் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். இங்கே இரண்டு பெரியார்களை நினைக்க வேண்டியிருக்கிறது. ராபர்ட் பாயில் என்பவர் 1662-ஆம் ஆண்டில் காற்றைப் பற்றிய விதியை வெளியிட்டார்: வெப்பநிலை மாறாதிருக்க, அடைபட்ட காற்றின் கன அளவு எவ்வளவு குறைகிறதோ, அதே வீதத்தில் அழுத்தம் பெருகும். ராபர்ட் ஹூக் என்பவர் 1678-ஆம் ஆண்டில் வில்லைப் பற்றிய விதியை வெளியிட்டார்: இழுக்கும் விசை எவ்வளவோ அவ்வளவே நீட்சி. இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. பாயிலின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து அவருக்குக் காற்றுப் பம்பைச் செய்து கொடுத்தவரே இந்த ஹூக்தாம். இரும்பு வில்லின் விதியும் காற்று வில்லின் விதியும் ஒரே கூரையின்கீழ் உழைத்த இருவருடைய பெயரால் வழங்குகின்றன.

இரும்பு வில் ஹூக்கின் விதிப்படி நேர்மையான கணக்கன். ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்றால் அடுத்த சென்டிமீட்டருக்கும் அதே கணக்குத்தான். காற்று அப்படியன்று. நமது பையில் அழுத்தமானி 2.5 கிலோ காட்டுகிறது என்போம். பைக்கு வெளியே வளிமண்டலம் ஏறத்தாழ 1 கிலோ அழுத்திக்கொண்டிருக்கிறது. அதை அழுத்தமானி கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே உள்ளே இருக்கும் முழு அழுத்தம் 3.5 கிலோ. சக்கரம் ஒரு மேட்டில் ஏறிப் பையை நெருக்குகிறது. கன அளவில் எட்டில் ஒரு பங்கு குறைந்தால் முழு அழுத்தம் 4 ஆகும். மானி 3 காட்டும். பையின் தாங்குவிசை 250-லிருந்து 300 ஆகும். ஐம்பது கிலோகிராம்தான் கூடியது. மெல்லிய தள்ளல். ஆனால் பெரிய பள்ளத்தில் விழுந்து கன அளவு பாதியாகிவிட்டால் முழு அழுத்தம் 7, மானி 6, தாங்குவிசை 600. ஹூக்கின் நேர்க்கணக்குப்படி கூடியிருக்க வேண்டியது 200, கூடியதோ 350. சிறு குலுக்கத்துக்கு மென்மை, பெரிய அடிக்கு வன்மை என்ற இந்தக் குணம் இரும்பு வில்லுக்கு இயல்பாக வருவதன்று. காற்று வில்லின் சிறப்பே இதுதான்.

இப்போது 60 பவுண்டு வைத்த கதைக்கு வருவோம். 60 பவுண்டு என்பது ஏறத்தாழ 4.2 கிலோ, முழு அழுத்தம் 5.2. இதே எட்டில் ஒரு பங்கு நெருக்கத்துக்கு இது 5.9-க்கு மேல் போகிறது. அதாவது 50 கிலோகிராமுக்குப் பதிலாக 74 கிலோகிராம் திருப்பி உதைக்கிறது. ஒரே குழி, ஒரே பை, உதையோ ஒன்றரை மடங்கு. ‘மெத்தென்ற காற்று ஏன் கடுமையாக அடிக்கிறது’ என்ற கேள்விக்கு முதல் விடை இது. மேலும் ஒரு விடை உண்டு. அதை எடைமேடையில் கண்டோம்.

ராஜபாளையம் பஞ்சாலைகள் மிகுந்த ஊர். லாரி எடை போடும் மேடைக்கு அங்கே பஞ்சமில்லை. தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, படுக்கையில் ஓர் ஆளைப் படுக்கவைத்து, பாத்திர பண்டங்களோடு வண்டியை மேடைக்குக் கொண்டுசென்றோம். முழு வண்டியை ஒரு முறை, முன்சக்கரங்களை மட்டும் ஒரு முறை, பின்சக்கரங்களை மட்டும் ஒரு முறை என்று எடை போட்டோம். பின்னச்சின் எடை, வண்டியைச் செய்தவர்கள் அந்த அச்சுக்கு வகுத்த எல்லைக்குள் இருந்தது. சுமையேற்றத்தால் பின்னச்சில் கூடியது ஏறத்தாழ 550 கிலோகிராம்.

பிறகு சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதற்கு மேலேயுள்ள மட்கார்டு விளிம்பு வரை அளந்தோம். வெறும் வண்டியாக இருந்தபோது அது 52 சென்டிமீட்டர் என்று மாணவர் முன்னரே குறித்து வைத்திருந்தார். சுமையேற்றிக் காற்றை இறக்கியபோது 47. அறுபது பவுண்டில் 55! அதாவது, வெறும் வண்டி நின்றதைவிடவும் மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் சுமை வண்டி நின்றது. இரும்பு வில் தன் பங்கை இழந்து தொங்கியது. அதிர்வைத் தணிப்பதற்கென்று பக்கத்தில் நிற்கும் குழல், பட்டறையில் ‘ஷாக் அப்சார்பர்’ என்பார்களே, அது தன் நீளத்தின் கடைசி எல்லை வரை இழுபட்டு நின்றது. சக்கரம் குழியில் இறங்க வேண்டுமானால் அந்தக் குழலுக்கு நீள இடம் வேண்டும், இடம் இல்லை. ஆகவே ஒவ்வொரு குழியிலும் அது எல்லையில் போய் முட்டியது. பெரியவரின் முதுகில் விழுந்த அடிகளில் பாதி அந்த முட்டல்தான்.

தீர்வு எளிது. காற்றை இறக்கிவிட்டு, கொஞ்சங் கொஞ்சமாக ஏற்றினோம். பழைய உயரத்தை எட்டும் தறுவாயில், 51.5 சென்டிமீட்டரில் நிறுத்தினோம். அழுத்தமானி 35 பவுண்டு காட்டியது. கணக்கும் ஒத்துவந்தது. அந்த வண்டியின் இரும்பு வில்கள் இரண்டும் சேர்ந்து சென்டிமீட்டருக்கு 110 கிலோகிராம் தாங்குகின்றன; நாலரை சென்டிமீட்டர் நிமிர்த்தினால் ஏறத்தாழ 495 கிலோகிராம் வில்லிடமிருந்து பைகளுக்கு மாறுகிறது; ஒரு பைக்கு 247; 100 சதுர சென்டிமீட்டரால் வகுத்தால் 2.5 கிலோ, அதுவே 35 பவுண்டு. எடைமேடையும் அளவுகோலும் பாயிலும் ஹூக்கும் ஒருவரையொருவர் மறுக்காமல் ஒரே விடை சொன்ன அந்தக் கணத்தில், என் மாணவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

இன்னொரு சிக்கல் மிஞ்சியது. தண்ணீர்த் தொட்டியும் அடுப்பும் வலப்பக்கத்தில் இருந்ததால் வண்டி அப்பக்கம் சற்றுச் சாய்ந்தது. வலப்பக்கப் பையில் காற்றைக் கூட்டிவிடலாம் என்றார் அவர். கூட்டலாம், இரு பைகளுக்கும் தனித்தனிக் குழாய் வைப்பதன் பயன்களில் அதுவும் ஒன்று. முதன்மையான பயன் வேறு. இரண்டு பைகளையும் ஒரே குழாயால் இணைத்துவிட்டால், வண்டி வளைவில் திரும்பும்போது நெருக்கப்படும் பையிலிருந்து காற்று மறுபக்கப் பைக்கு ஓடிவிடும். சாய்கிற பக்கம் மேலும் சாயும். ஆகவே தனித்தனிக் குழாயே நன்று. எனினும், காற்றால் திருத்துவதற்கு முன்னே சுமையால் திருத்த வேண்டும் என்பது என் கருத்து. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோகிராம். நூறு லிட்டர்த் தொட்டி நூறு கிலோகிராம். அதை நடுவுக்கு நகர்த்தினார். சாய்வு போயிற்று.

இவ்வளவு பாடும் துணைப் பை பூட்டிய சிறு வண்டிக்கு. முழுவதும் காற்றின்மேல் ஓடும் பேருந்துகளிலும் ரயில்களிலும் இந்த வேலையை மனிதன் செய்வதில்லை; ஒரு வால்வு செய்கிறது. வண்டியின் உடலில் பொருத்திய அந்த வால்விலிருந்து ஒரு சிறு கை நீண்டு அச்சோடு இணைந்திருக்கும். பயணிகள் ஏறி வண்டி தாழ்ந்தால் கை உயரும். வால்வு திறந்து தொட்டியிலிருந்து காற்று பைக்குள் பாயும். பயணிகள் இறங்கி வண்டி உயர்ந்தால் கை தாழும், காற்று வெளியேறும். பேருந்து நிலையத்தில் கூட்டம் இறங்கியதும் அடியிலிருந்து ‘உஸ்’ என்று ஓர் ஒலி சில வேளை கேட்கிறதல்லவா? தடைக் கருவியின் காற்றும் அவ்வாறு ஒலிப்பதுண்டு. இந்த வால்வு சுமையைக் கணக்கிட்டு மீதியை விடுவதும் உண்டு. எத்தனை பவுண்டு என்பதை அந்த வால்வு அறியாது. அதற்குத் தெரிந்தது உயரம் ஒன்றே. எடைமேடையருகே நாங்கள் அளவுகோலோடு செய்ததை அது ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது.

இதனால் என்ன நன்மை? ஒரு வில்லின்மேல் நிற்கும் பாரம் விநாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது, அந்தப் பாரத்தால் வில் எவ்வளவு அமுங்கியது என்பதைப் பொறுத்தது. 25 சென்டிமீட்டர் அமுங்கினால் விநாடிக்கு ஒரு முறை ஆடும். 6 சென்டிமீட்டர் மட்டும் அமுங்கினால் இரண்டு முறை. ஆட்டம் மெதுவானால் உடலுக்கு இதம்; விநாடிக்கு நான்கு முதல் எட்டு முறை வரையுள்ள ஆட்டமே உட்கார்ந்திருப்பவரின் உடற்பகுதியை மிகவும் வருத்துவது. காலிப் பேருந்து ஏன் தடதடவென்று குதிக்கிறது, கூட்டமுள்ள பேருந்து ஏன் அமைதியாகப் போகிறது என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். இரும்பு வில்லைக் கூட்டத்துக்கு ஏற்ப வலிதாகச் செய்தால் காலி வண்டி குதிக்கும். காலி வண்டிக்கு ஏற்ப மெலிதாகச் செய்தால் கூட்டத்தில் தரை தட்டும். காற்று வில்லிலோ சுமை கூடினால் அழுத்தம் கூடுகிறது; அழுத்தம் கூடினால் வலிமையும் கூடவே வளர்கிறது. ஆகவே காலியானாலும் நிறைந்தாலும் ஆட்டம் ஏறத்தாழ விநாடிக்கு ஒன்று, ஒன்றரை என்ற அளவிலேயே நிற்கும்.

காற்றை வண்டிக்கு அடியில் வைக்கும் எண்ணம் புதியதன்று. ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-ஆம் ஆண்டிலேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது மறக்கப்பட்டுப் போக, 1887-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவரான டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மீண்டும் கண்டார். சக்கரத்தில் ஏறிய காற்று, வில்லின் இடத்துக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் 1953 முதல் நெடுந்தொலைவுப் பேருந்துகளில் காற்றுப்பைகள் இடம்பெற்றன. நம் சென்னைப் பாடியில் 1960-களில் சக்கரங்கள் செய்யத் தொடங்கிய வீல்ஸ் இந்தியா நிறுவனம் இன்று பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் காற்று வில் அமைப்புகளையும் செய்கிறது. 1955-இல் தொடங்கிய பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை நெரிசல் மிகுந்த மின்சார ரயில் பெட்டிகளுக்குக் காற்று வில்களைப் பொருத்தியது. அங்கே உருவாகி 2019-இல் முதன்முதலாக ஓடிய வந்தே பாரத் ரயிலும் காற்று வில்லின்மேல் ஓடுவதே. 2023 செப்டம்பர் முதல் அந்த வகை ரயில் சென்னைக்கும் நம் திருநெல்வேலிக்கும் இடையே ஓடுகிறது. நம் மலைக்கு அப்பால் கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையையே வகுத்துவிட்டது. ஆகையால் சக்கரத்தின்மேல் ஓடும் வீடுகளை இனி நம் சாலைகளிலும் மிகுதியாகக் காண்பீர்கள்.

காற்று வில் செய்யும் இன்னொரு பணியை நான் தனியே சொல்ல விரும்புகிறேன். சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2024-ஆம் ஆண்டில் ஓடவிட்ட தாழ்தளப் பேருந்துகளுள் ஒன்று நிறுத்தத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள். ஓட்டுநர் ஒரு விசையைத் தொட்டால், நடைமேடைப் பக்கத்துக் காற்றுப்பைகள் சிறிது காற்றை விடுகின்றன. அந்தப் பக்கம் பேருந்து தாழ்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர் சாய்பலகை வழியே உள்ளே வருகிறார். பின்பு பைகள் நிறைகின்றன. பேருந்து நிமிர்ந்து புறப்படுகிறது. யானை மண்டியிட்டுப் பாகனை ஏற்றிக்கொள்வதைக் கோயில் வாசலில் கண்டிருக்கிறோம். அதே பணிவை ஒரு பேருந்துக்குக் கற்றுக்கொடுத்தது காற்று. மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை சென்று கேட்ட உரிமை அது. இரும்பு வில்லால் அதைத் தர இயலாது.

இனி, எச்சரிக்கைகள் சில. இவை உயிரோடு தொடர்புடையவை. ஆதலால் பொறுமையோடு கேளுங்கள்.

முதலாவது, காற்றுப்பை வண்டியை நிமிர்த்தும். ஆனால் அதன் தாங்குதிறனைக் கூட்டாது. அச்சும் சக்கரமும் டயரும் தடையும் முன்பு எவ்வளவு தாங்கினவோ அவ்வளவே தாங்கும். தாழ்ந்து நின்ற வண்டி ‘என்மேல் சுமை அதிகம்’ என்று நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. காற்றடித்து நிமிர்த்தியதும் அந்த வாய் அடைபட்டுவிட்டது. சுமை அப்படியே இருக்கிறது. எடைமேடையில் எல்லை மீறியிருந்தால் ஏற்ற வேண்டியது காற்றன்று, இறக்க வேண்டியது சுமை.

இரண்டாவது, காற்றுக்கு மேல் எல்லையும் உண்டு, கீழ் எல்லையும் உண்டு. முழுவதும் காற்றிறங்கிய பை மடிந்து, இரும்புக்கு இடையில் நசுங்கிக் கிழியும். ஆகவே வெறும் வண்டியிலும் ஐந்து பத்துப் பவுண்டாவது இருக்க வேண்டும் என்பார்கள். அந்த இரு எல்லைகளையும் பையைச் செய்தவர்கள் அச்சிட்டுத் தருகிறார்கள், அதுவே சட்டம். வேறொரு வண்டியின் எண் நம் வண்டிக்கு ஆகாது. அடுத்தவர் கண்ணாடியை அணிந்துகொண்டு புத்தகம் படிக்க இயலுமா?

மூன்றாவது, பின்புறம் தாழ்ந்தால் முன்விளக்கு வானத்தை நோக்கும்; எதிரே வருபவரின் கண் கூசும். முன்சக்கரத்தின் பிடிப்புத் தளரும். திருப்பியதும் வண்டி கேட்காது. ஆகையால் சுமையோடு மட்டமாக நிற்பது அழகுக்காக அன்று. எதிரே வருபவரின் உயிருக்கும் சேர்த்துத்தான்.

நான்காவது, நாள்தோறும் காற்றுக் குறைந்தால் கசிவு உண்டென்று பொருள். சைக்கிள் டியூபுக்குச் செய்வதுபோலவே சோப்பு நீரைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழி எழும். இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். ஆனால், காற்றின்மேல் நிற்கும் வண்டியின் அடியில் ஒருபோதும் புகாதீர்கள். பை வெடித்தாலும் குழாய் கழன்றாலும் வண்டி ஒரு கணத்தில் இறங்கிவிடும். உறுதியான இரும்புத் தாங்கியை முட்டுக்கொடுத்த பிறகே தேர்ந்த தொழிலாளியும் உள்ளே செல்வார்.

ஐந்தாவது, வண்டியின் அமைப்பை நம் விருப்பம்போல் மாற்ற 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இடந்தரவில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலைப் பெற்றே எதையும் செய்ய வேண்டும். அது வீண் தொல்லையன்று. எடையையும் உறுதியையும் நம்மையல்லாத ஒருவர் ஒருமுறை பார்ப்பது நமக்கே நல்லது.

மாணவர்களே, நான் பணியில் இருந்த காலத்தில் தேர்வுத் தாளில் பாயில் விதியைப் பிழையின்றி எழுதியவர்கள் நூற்றுக்கணக்கானோர். என் பட்டறை மாணவர் அவர்களுள் ஒருவர் அல்லர். அந்தக் கேள்விக்கு அவர் பெற்ற மதிப்பெண் சொல்லும்படியாக இல்லை. ஆனால் தந்தையின் வலியைக் கண்டு, ‘இது ஏன்’ என்று கேட்டார். அந்த ஒரு சொல்லே அவரை எடைமேடைக்கும் அளவுகோலுக்கும் அழைத்துச் சென்றது. விதியை அறிந்திருந்தும் கேளாதிருந்த நான் அவர் பின்னே சென்றேன். அடுத்த முறை பேருந்தில் ஏறும்போது அதன் அடியிலிருந்து எழும் ஒலிக்குச் சற்றே செவி கொடுங்கள். வீட்டுக்கு வந்து, ஒரு சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக் கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். முதலில் எளிதாக இறங்கும், போகப்போக எதிர்க்கும், விட்டால் திரும்ப எழும். காற்று வில்லின் பாடம் முழுவதும் அந்தக் கைப்பிடியில் இருக்கிறது.

மறுமாதம் அந்த வேன் மதுரைக்குப் புறப்பட்டபோது நானும் உடன் சென்றேன். ராஜபாளையம் கடந்தது. முன்பு திரும்பிய இடமாகிய ஸ்ரீவில்லிபுத்தூரும் கடந்தது. மகன் அடிக்கடி பின்னே திரும்பி, “அப்பா, வலிக்கிறதா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். கிருஷ்ணன்கோவில் அருகே கேட்டபோது விடை வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். பெரியவர் உறங்கிக்கொண்டிருந்தார்.